ஒருக்கா வந்தால் பிறகு வராதா? கொழும்பும் டெங்கும் 1989உம்

1989ஆம் ஆண்டைப் பற்றி எங்கட வீடுகளில் பேசப்படும் கதைகளில் டெங்கு வராது. வடக்கு கிழக்கில் இந்திய இராணுவம், தெற்கில் ஜே.வி.பி., யூலையில் கொழும்பில் அமிர்தலிங்கம் கொல்லப்பட்டது, நவம்பரில் விஜேவீர கொல்லப்பட்டது, சந்திகளில் எரிஞ்ச ரயர்கள். சாவுகளை எண்ணி முடிக்க ஏலாத அந்த ஆண்டில் இன்னொரு சின்னக் கணக்கும் இருக்கு. நாட்டில் 203 பேருக்கு டெங்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல் என்று வைத்தியர்கள் எழுதினார்கள். அதில் 87 பேருக்கு ஆய்வுகூடத்தில் உறுதியானது. 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் கொழும்பிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் இருந்தவர்கள். அடுத்த வருடம் 1,350 பேர், 54 சாவு. அதற்குப் பிறகு அந்த நோய் இந்த நகரத்தை விட்டுப் போகவே இல்லை.

இதில் ஒரு புதிர் இருக்கு. டெங்கு 1989இல் புதிதாக வந்து இறங்கிய நோய் இல்லை. அதற்கு முதலே கொழும்பில் தாராளமாக இருந்தது. நாலு வகை வைரசும் இருந்தது, நுளம்பு இருந்தது, சனத்தின் உடம்பில் டெங்குக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் இருந்தன. பிறகு ஏன் 1989?

இந்தக் கேள்வியை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம்: "எனக்கு ஏற்கெனவே டெங்கு வந்து போட்டுது, இனிப் பயமில்லை." அம்மாள் வருத்தம், சின்னமுத்து மாதிரி ஒருக்கா வந்தால் பிறகு வராது என்ற நம்பிக்கை. அந்த இரண்டு நோய்க்கும் அது பெரும்பாலும் சரி. டெங்குக்கு அது பிழை மட்டுமில்லை, ஆபத்தான பிழை. அது ஏன் பிழை என்பதைக் கண்டுபிடித்த வரலாற்றில் கொழும்புக்கு ஒரு தனி இடம் இருக்கு. எங்கட வரலாற்றுப் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

முதலில் பழைய கதை. டெங்கு மாதிரியான காய்ச்சல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இலங்கையில் பதிவாகியிருக்கிறது. 1962இல்தான் இரத்தப் பரிசோதனை மூலம் அது டெங்கு என்று உறுதியானது. 1965இல் சிக்குன்குன்யா பரவியது. அதன் பின்னாலேயே 1965, 66இல் தீவு முழுக்க டெங்கு. அப்போது 51 பேருக்கு இரத்தப்பெருக்குக் காய்ச்சல், அவர்களில் 15 பேர் இறந்தார்கள். அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேலாகப் பெரிய சத்தமில்லை.

ஆனால் அது வெளியில் தெரிந்த அமைதி மட்டும்தான். பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. டி சொய்சா குடும்பத்தின் நன்கொடையில் 1900இல் பற்றீரிய ஆய்வு நிலையமாகத் தொடங்கியது. எழுபது எண்பதுகளில் அங்கே வைரசுத் துறையில் இருந்தவர் திஸ்ஸ விதாரண. பின்னாளில் சமசமாஜக் கட்சித் தலைவராகவும் அமைச்சராகவும் எங்களுக்குத் தெரிந்த அதே ஆள்தான், என்.எம். பெரேராவின் மருமகன். 1980 முதல் 1984 வரை அவரும் கூட இருந்தவர்களும் கொழும்பில் காய்ச்சலோடு வந்த ஆக்களின் இரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று வந்தவர்களில் கணிசமானோருக்கு டெங்கு. நாலு வகையும் சுற்றிக்கொண்டிருந்தது. கனபேருக்கு அது முதல் தடவையும் இல்லை, இரண்டாம் தடவை. அப்படியிருந்தும் இரத்தப்பெருக்குக் காய்ச்சல் அபூர்வம்.

ஒருவரின் இரத்தத்தைப் பார்த்து "இது உமக்கு இரண்டாம் தடவை" என்று எப்படிச் சொல்வது? நோயாளிக்கே நினைவிருக்காது. சின்ன வயதில் வந்த இரண்டு நாள் காய்ச்சலை யார் டெங்கு என்று குறித்து வைத்தார்கள்? ஆனால் உடம்பு குறித்து வைத்திருக்கும். வரலாறு படிக்கிற எங்களுக்கு ஆவணம் என்றால் கொழும்பு 7இல் சுவடிகள் திணைக்களத்தில் போய்க் குந்தியிருந்து பார்க்கிற காகிதம்தான். இரத்தத்தின் மஞ்சள் நீர்ப்பகுதியான சீரமும் ஒரு ஆவணம்தான் என்பதை இந்தக் கட்டுரைக்காக வாசிக்கும்போதுதான் யோசித்தோம். காகிதத்தை மாதிரி அது பொய் சொல்லாது. ஆனால் அதுவும் வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பேசும்.

அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பாவித்த வாசிப்பு முறை வாத்துக் குடும்பப் பறவையின் இரத்தத்தை வைத்துச் செய்வது. டெங்கு வைரசைப் பெரிய தாராவின் செங்குழியங்களோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோயாளியின் சீரத்தில் டெங்குக்கு எதிரான பிறபொருளெதிரி இருந்தால் அது வைரசைப் பிடித்துக்கொள்ளும், செங்குழியங்கள் ஒட்டாது. சீரத்தைப் பாதி பாதியாக ஐதாக்கிக்கொண்டே போய், எந்த அளவு வரைக்கும் அது தடுக்கிறது என்று பார்ப்பார்கள். முதல் தடவை நோய் வந்தவரின் அளவு மெல்ல மெல்லத்தான் ஏறும், அதிகம் ஏறாது. இரண்டாம் தடவைக்காரரின் அளவு காய்ச்சல் தொடங்கிய சில நாட்களிலேயே கிடுகிடுவென்று உச்சத்துக்குப் போகும். அந்த வேகம்தான் பழைய நினைவின் அடையாளம்.

அந்த நினைவை வைத்திருப்பது யார்? இதற்கு விடை கிடைக்க விஞ்ஞானத்துக்கு அறுபது எழுபது வருடம் எடுத்தது. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிற்றசாட்டோவும் ஒரு விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்கு ஏற்றினால் ஏற்புவலி மாதிரியான நோயிலிருந்து காப்பாற்றலாம் என்று காட்டினார்கள். சீரத்தில் ஏதோ இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தாச்சு. ஆனால் அதை உடம்பில் எது செய்கிறது என்று தெரியாது. 1948இல் சுவீடனில் அஸ்ட்ரிட் பாக்றேயஸ் என்ற பெண் விஞ்ஞானி பிளாஸ்மாக் கலங்கள்தான் பிறபொருளெதிரியைச் செய்கின்றன என்று காட்டினார். அந்தக் கலங்கள் எங்கிருந்து வருகின்றன?

இந்த இடத்தில்தான் கோழி வருகிறது. எங்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்ததற்குக் காரணம், இதைச் செய்தவர்கள் பேராசிரியர்கள் இல்லை, மாணவர்கள். ஐம்பதுகளில் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தில் புறூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவன் கோழியின் பின்பக்கத்தில், கழிவு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னப் பையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலியரான பப்ரீசியஸின் பெயரில் 'பேர்சா' என்று அதைச் சொல்வார்கள். அது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. கிளிக் குஞ்சுகளில் அதை வெட்டி எடுத்துப் பார்த்தான். பெரிய மாற்றமொன்றும் இல்லை. அந்தக் கோழிகளைச் சக மாணவன் திமொத்தி சாங், ஒரு வகுப்பில் பிறபொருளெதிரி உருவாவதைக் காட்டுவதற்காகக் கடனாக வாங்கிக்கொண்டு போனான். சல்மொனெல்லாவை ஏற்றினான். எதிர்பார்த்த பிறபொருளெதிரி வரவில்லை. செய்முறை பிழைத்துப்போச்சு என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. எந்தக் கோழிகளில் வரவில்லை என்று பார்த்தால் எல்லாம் அந்தப் பை வெட்டிய கோழிகள்.

அவர்கள் எழுதிய கட்டுரையைப் பெரிய சஞ்சிகை ஒன்று நிராகரித்தது. 1956இல் கோழி வளர்ப்புக்கான ஒரு சஞ்சிகையில் அது வந்தது. மருத்துவ உலகம் அதைக் கவனிக்கப் பல வருடம் ஆனது. 1965இல் மினசோட்டாவில் மக்ஸ் கூப்பரும் கூட்டாளிகளும் கோழியில் இரண்டு வேறு வேறு நிணநீர்க்குழியப் பரம்பரைகள் இருப்பதை உறுதிப்படுத்தினார்கள். ஒன்று தைமசில் வளர்வது, மற்றது பேர்சாவில் வளர்வது. பேர்சாவின் முதல் எழுத்தில்தான் 'பி கலம்' என்ற பெயர் வந்தது. மனிதருக்கு அந்தப் பை கிடையாது. எங்களுக்கு அந்த வேலையைச் செய்வது என்பு மச்சை.

அது செய்யும் வேலையை நினைத்தால் தலை சுத்தும். என்பு மச்சையில் ஒவ்வொரு நாளும் பல மில்லியன் பி கலங்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பரம்பரையலகுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து அடுக்கி, தனக்கென்று ஒரு பிறபொருளெதிரி வடிவத்தை அமைத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடித்த சுசுமு தொனெகவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. சொந்த உடம்பையே பிடிக்கிற வடிவமாக வந்துவிட்ட கலங்களில் கனக்க அங்கேயே அகற்றப்படுகின்றன. மிஞ்சியவை மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் போய்க் காத்திருக்கும். தங்கள் வடிவத்துக்குப் பொருந்துகிற கிருமியைச் சந்திக்காமலே பெரும்பாலானவை செத்துப்போகும். அவுஸ்திரேலியரான மக்பாலன் பேர்னற் 1957இல் சொன்ன கருத்தின் சாரம் இதுதான்: கிருமி உடம்புக்கு ஒன்றையும் படிப்பிப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிற கோடிக்கணக்கான வடிவங்களில் பொருந்துகிறதைத் தெரிவு செய்கிறது. தெரிவானது பெருகுகிறது.

தெரிவான பி கலத்துக்கு ரீ கலங்களின் ஒப்புதலும் கிடைத்தால் அது கணுவுக்குள் வேகமாகப் பிரியத் தொடங்கும். பிரியும்போது தன் வடிவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கும். கூடப் பொருந்துகிறது பிழைக்கும், பொருந்தாதது சாகும். (எங்கட உயர்தரப் பரீட்சை மாதிரித்தான், இஸட் புள்ளி மட்டும் இல்லை.) கடைசியில் பிழைத்தவற்றில் ஒரு பகுதி பிளாஸ்மாக் கலமாகி, ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான பிறபொருளெதிரி மூலக்கூறுகளை வெளியே விடும். இன்னொரு பகுதி நினைவுக் கலமாகிப் பதுங்கும். அதே கிருமி திரும்ப வந்தால் இந்த நினைவுக் கலங்கள் முழு வரிசையையும் தாண்டி நேராக வேலைக்கு இறங்கும். சின்னமுத்து இரண்டாம் தரம் வராததன் இரகசியம் இதுதான்.

டெங்குவில் இது கவிழ்கிறது. டெங்கு ஒரு வைரசு இல்லை, நாலு வைரசுகள். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிமார் மாதிரி, முகச்சாயல் ஒன்று, ஆள் வேறு. முதலாம் வகை வந்து போனவருக்கு முதலாம் வகைக்கு எதிராக நீண்டகால நிர்ப்பீடனம் இருக்கும். சில மாதங்களுக்கு மற்ற வகைகளிடமிருந்தும் பாதுகாப்பு இருக்கும். பிறகு இரண்டாம் வகை வந்தால் என்ன நடக்கும்? பழைய நினைவுக் கலங்கள் சாயலைப் பார்த்து "ஆ, இவன்தான்" என்று எழும்பும். அவசரமாக, ஏராளமாகப் பழைய பிறபொருளெதிரியைச் செய்யும். அது புதிய வைரசில் போய் ஒட்டும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யாது. பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் விழுங்குவது சில வெண்குழியங்களின் தொழில். டெங்கு வைரசு வளர்வதோ அதே வெண்குழியங்களுக்குள்தான். அதாவது, கள்ளனைப் பிடித்த காவல்காரனே அவனைக் காசுப் பெட்டி இருக்கிற அறைக்குள் கொண்டுபோய் விடுகிறான்.

இன்புளுவென்சாவில் இப்படிப் பழைய நினைவே முந்திக்கொள்வதைக் கவனித்த தோமஸ் பிரான்சிஸ் 1960இல் அதற்கு ஆதிப் பாவம் என்ற கருத்தில் பெயர் வைத்தார். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு மறைக்கல்விக்குப் போனவர்களுக்கு ஜென்மப் பாவம் என்றால் விளங்கும். முதலில் நடந்தது கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

டெங்குவில் இதை முதலில் ஊகித்தவர் ஸ்கொட் ஹால்ஸ்ரெட் என்ற அமெரிக்க வைத்தியர், அறுபதுகளின் பாங்கொக்கில். அங்கே பிள்ளைகள் இரத்தப்பெருக்குக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானோருக்கு அது இரண்டாவது தொற்று. அது விளங்கக்கூடியது. ஆனால் ஒரு வயதும் ஆகாத கைக்குழந்தைகளும் அதே மாதிரி வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அது முதல் தொற்று! கணக்கு உதைத்தது. தாய்மாரின் இரத்தத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தாய்க்கு முன்பு டெங்கு வந்திருந்தது. கர்ப்பத்தில் தாயின் பிறபொருளெதிரி பிள்ளைக்குப் போகிறது. பிறந்த புதிதில் அது பிள்ளையைக் காப்பாற்றும். மாதங்கள் போக அது தேய்ந்து, காப்பாற்றப் போதாத, ஆனால் வைரசுக்கு வழிகாட்டப் போதுமான ஒரு அளவுக்கு இறங்கும். தாய் கொடுத்த காவல் பிள்ளைக்கு எதிராகத் திரும்புகிற சில மாதங்கள். இதை வாசித்த அன்று எங்கட வட்டத்தில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

இந்த நினைவு எவ்வளவு காலம் நிற்கும்? கியூபா அதற்கு விடை சொன்னது. 1977இல் அங்கே முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தது: 344,203 பேருக்கு நோய், 158 சாவு, அதில் 101 பிள்ளைகள். பிறகு அரசாங்கம் நுளம்பை ஒழித்து நோயை நிறுத்திவிட்டது. 1997இல் சந்தியாகோ டி கியூபாவில் மீண்டும் இரண்டாம் வகை. இந்தத் தடவை செத்தவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். பெரும்பாலானோர் 1977இல் முதலாம் வகையைச் சந்தித்திருந்தவர்கள். இருபது வருடம் சும்மா கிடந்த நினைவு.

இப்போது கொழும்புக்குத் திரும்புவோம். ஹால்ஸ்ரெட் சொன்னதுதான் முழு உண்மை என்றால், 1980களின் தொடக்கத்திலேயே கொழும்பில் பிள்ளைகள் செத்திருக்க வேண்டும். நாலு வகையும் இருந்தது, இரண்டாம் தொற்றும் தாராளம். ஹால்ஸ்ரெட்டுக்கு எதிராக நின்ற லியோன் ரோசன் போன்றவர்கள் பிறபொருளெதிரியைக் குற்றம் சொல்லாதீர்கள், சில வைரசுகளே கொடியவை என்றார்கள். இரண்டு கட்சிக்கும் இடையில் பல வருடச் சண்டை.

1997, 98இல் கொழும்பில் மறுபடி காய்ச்சல்காரரின் இரத்தம் சேர்க்கப்பட்டது. விதாரணவும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து அதை 1980–84 இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். 2002இல் முடிவு வெளிவந்தது. காய்ச்சல்காரரில் டெங்கு உள்ளவர்களின் விகிதத்தில் பெரிய மாற்றமில்லை. வகைகளின் பங்கிலும் பெரிய மாற்றமில்லை. இரண்டாம் தொற்றின் விகிதமும் கிட்டத்தட்ட அதேதான். மாறியிருந்தது ஒன்று: மூன்றாம் வகை வைரசின் உருவம். 1989க்கு முன் இங்கே சுற்றிய மூன்றாம் வகையின் கிளை காணாமல் போய், மரபணுவில் வேறான இன்னொரு கிளை அந்த இடத்தைப் பிடித்திருந்தது.

ஆக 1989இல் கொழும்புச் சனத்தின் இரத்தம் மாறவில்லை. அந்த இரத்தத்துக்குள் வந்த விருந்தாளி மாறியிருந்தான். பழைய நினைவு மட்டும் கொல்லவில்லை. புதிய வைரசு மட்டும் கொன்றது என்று சொல்லவும் ஏலாது, ஏனென்றால் கடுமையாக வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது இரண்டாம் தொற்றாகவே இருந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில்தான் 1989 நடந்தது. எங்களைக் கேட்டால், அந்த உலகச் சண்டையில் இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி என்பதற்குக் கிடைத்த நல்ல சாட்சிகளில் ஒன்று கொழும்புதான். எண்பதுகளில் இரத்தத்தைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே சாத்தியமில்லை. அப்படிச் சேர்த்து வைப்பதும் வரலாறு எழுதுவதன் ஒரு பகுதிதான்.

அந்தக் கிளை இங்கே மட்டும் நிற்கவில்லை. இந்தியத் துணைக்கண்டத்தில் இருந்த அதே மூன்றாம் வகைப் பரம்பரை எண்பதுகளில் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போனது. 1994இல் நிக்கரகுவாவிலும் பனாமாவிலும் தலைகாட்டியது, பிறகு இலத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

கொழும்பில் மிச்சக் கதை எங்கட வயதுக்காரருக்கு ஓரளவு தெரியும். 2009இல் முதலாம் வகை முன்னுக்கு வந்தது: 35,008 பேர், 346 சாவு. போர் முடிந்த வருடம் என்பதால் இதையும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதே வருடம்தான் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டல் குப்பைமேடு மூடப்பட்டு, குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. அடுத்த ஏழெட்டு வருடம் முதலாம் வகையின் ஆட்சி. ஒரு நகரமே முதலாம் வகையின் நினைவைச் சேர்த்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள், மீதொட்டமுல்லை மேடு சரிந்து வீடுகளை மூடியது, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு குப்பையைக் கொட்ட இடமில்லாமல் கொழும்புத் தெருக்களில் கிழமைக்கணக்காகக் குவிந்தது, மேலே மழை. அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது இரண்டாம் வகை. கியூபாவில் நடந்த அதே வரிசை, ஒன்றுக்குப் பின் இரண்டு. அந்த வருடம் 186,101 பேர், நானூறுக்கும் மேற்பட்ட சாவு. அதற்கு முன்போ பின்போ இலங்கையில் அவ்வளவு டெங்கு இல்லை.

அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டது எல்லாம் பீலியைத் துப்பரவாக்குங்கள், சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்பதுதான். பொலிசும் இராணுவமும் வீடு வீடாக வந்து பார்த்தார்கள். அது தேவைதான், நுளம்பில்லாவிட்டால் டெங்கு இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் அரைகுறையாக நிற்கிற மாடிக் கட்டடங்களின் தண்ணீரையும், கொட்டாஞ்சேனையில் மாநகர சபை அள்ளாத குப்பையையும் வீட்டுக்காரியின் பூச்சாடித் தட்டோடு ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. அதைவிட, "உங்களுக்கு முதல் டெங்கு வந்ததா? அப்படியென்றால் இன்னும் கவனம்" என்று தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம்கூட எங்கட கண்ணில் படவில்லை. பப்பாசி இலைச் சாறு பற்றி மட்டும் தமிழில் நூறு செய்தி வந்தது. காய்ச்சல் விட்ட பிறகுதான் குருதிக் கலன்களிலிருந்து நீர் கசிகிற ஆபத்தான ஒன்றிரண்டு நாள் தொடங்குகிறது என்பதும், "காய்ச்சல் விட்டிட்டுது, இனி வீட்டுக்குப் போகலாம்" என்று நினைக்கிற நேரம்தான் அது என்பதும் அந்த நூறில் எத்தனையில் இருந்தது?

இதே அறியாமை அரசாங்கங்களுக்கும் மருந்துக் கம்பனிகளுக்கும் இருந்தது. 2016இல் பிலிப்பைன்ஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டெங்வக்சியா என்ற தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. 8 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். 2017 நவம்பரில் அதைச் செய்த சனோபி நிறுவனமே அறிவித்தது: முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால், பிறகு உண்மையான டெங்கு வரும்போது கடுமையாகும் ஆபத்து கூடுகிறது. ஊசியே முதல் தொற்றாக வேலை செய்திருந்தது. ஹால்ஸ்ரெட் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அதற்குப் பிறகு அங்கே பெற்றோர் எந்த ஊசியையும் நம்பப் பயந்தார்கள். 2019இல் சின்னமுத்து பெரிதாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

அடுத்து வந்த தக்கேடா கம்பனியின் தடுப்பூசி 2016இலிருந்து எட்டு நாடுகளில், 4 முதல் 16 வயது வரையான ஏறக்குறைய 20,000 பிள்ளைகளில் பரிசோதிக்கப்பட்டது. அந்த எட்டில் இலங்கையும் ஒன்று. முடிவு டெங்வக்சியாவை விட எவ்வளவோ நல்லது. நோய் அதிகமாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுக்காரருக்கு அதைக் கொடுக்கலாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சிபாரிசு செய்தது. ஆனால் ஒரு ஓட்டை. முன்பு டெங்கு வராத பிள்ளைகளில் அது ஒரு வகைக்கு எதிராகப் பலன் காட்டவில்லை. அது மூன்றாம் வகை, 1989இன் வகை.

பல வருடமாகப் பின்னுக்கு நின்ற அந்த மூன்றாம் வகை 2023இல் இலங்கையில் மறுபடி முன்னுக்கு வந்தது. அந்த வருடம் 90,000க்குக் கிட்டப் பேருக்கு டெங்கு. 2008 முதல் 2010 வரை கொழும்பில் 12 வயதுக்குட்பட்ட ஏறக்குறைய 800 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வொன்றில், அரைவாசிக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தில் ஏற்கெனவே டெங்குவின் நினைவு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது எங்கட வயது. தங்களுக்கு வந்து போனது எந்த வகை என்று அவர்களில் கனபேருக்குத் தெரியாது, வந்து போனதே தெரியாதவர்களும் இருப்பார்கள். காலி வீதியில் ஒரு ஆய்வுகூடத்துக்குப் போய் விரல் நீளப் பரிசோதனை அட்டையில் ஒரு துளி விட்டால் அதில் ஐ.ஜி.எம். என்றும் ஐ.ஜி.ஜி. என்றும் இரண்டு இடம் இருக்கும். முதலாவது, புதிதாக விழித்த பி கலங்களின் அவசர வேலை. காய்ச்சல் தொடங்கி ஐந்து நாளளவில்தான் தெரியும். இரண்டாவது, முதிர்ந்த பிறபொருளெதிரி. காய்ச்சலின் மூன்றாம் நாலாம் நாளிலேயே அந்த இரண்டாவது கோடு தடிப்பாகத் தெரிந்தால், அது அனேகமாக இந்தக் காய்ச்சலுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதில்லை. எப்போதோ ஒரு மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்த இரண்டு மூன்று நாளில் உண்டான நினைவுக் கலங்கள் செய்தது.